வீட்டுத் தோட்டத்தில் ஸ்வீட் கார்ன்: விதை போடுவதில் இருந்து அணிலுக்கும் கிளிக்கும் முன்னால் கதிரைப் பறிப்பது வரை

ஸ்வீட் கார்னை வளர்ப்பது அவ்வளவு கஷ்டமில்லை. வெயில் படும் இடத்தில் விதை போட்டு, தண்ணீரும் உரமும் தவறாமல் கொடுத்தால், ரகத்தைப் பொறுத்து 65 முதல் 90 நாளில் கதிர் தயாராகிவிடும். அந்தக் கதிரை நம் கைக்குக் கொண்டுவருவதுதான் பெரிய வேலை. முதல் முறை நான் முப்பது செடி வைத்தேன், எல்லாம் நன்றாக வந்தது, இன்னும் இரண்டு நாள் போகட்டும், மணி நன்றாகப் பால் பிடிக்கட்டும் என்று விட்டுவிட்டுத் தூங்கப் போனேன். மறுநாள் பத்து மணிக்குப் போய்ப் பார்த்தால் பதினோரு கதிரில் மட்டை நார்நாராகக் கிழிந்து கிடந்தது, மேல் பாதியில் ஒரு மணி கூட இல்லை. அணில்கள். அன்றைக்கே ஓடிப்போய் வலை வாங்கி வந்து கட்டியும் பிரயோஜனம் இல்லை, அந்த வாரம் முடிவதற்குள் மிஞ்சியது நான்கு கதிர்.

அப்போது தெரிந்துகொண்ட விஷயத்தைத்தான் இந்த வழிகாட்டி முழுக்கச் சொல்லப் போகிறேன். ஒரு பிராணி மக்காச்சோளத்தை ஒரு தடவை ருசி பார்த்துவிட்டால், அப்புறம் அதைத் தடுப்பது பல மடங்கு கஷ்டம். ருசி பார்ப்பதற்கு முன்பே தடுப்பு அங்கே இருக்க வேண்டும். அதனால் காவலுக்கான யோசனை விதை வாங்குவதற்கும் முன்பே தொடங்க வேண்டும், இடம், ரகம், செடியின் உயரம், எத்தனை செடி என்பது எல்லாமே அதை வைத்துத்தான் முடிவாகும்.

முதலில்: உங்கள் தோட்டத்துக்கு வருவது யார்?

ஒரு வாரம் காலையும் மாலையும் தோட்டத்தில் பத்து நிமிஷம் சும்மா நின்று பாருங்கள். ஈர மண்ணில் காலடித் தடம், எச்சம், புழுக்கை, வளை, மதில் மேல் ஓடும் வழி எல்லாம் கண்ணில் படும். ஏற்கெனவே வேறு பயிரில் சேதம் இருந்தால், சேதத்தின் தோற்றமே ஆளைக் காட்டிக்கொடுக்கும்.

இளம் தளிரைக் கத்தியால் சாய்வாக வெட்டியது போல இருந்தால் முயல். அதே தளிர் பிய்த்து இழுத்தது போலக் கந்தலாக இருந்தால் மான், ஏனென்றால் மானுக்கு மேல் தாடையில் முன்பற்கள் கிடையாது, கடித்து இழுத்துத்தான் அதனால் பறிக்க முடியும். தட்டையோடு சாய்த்துப் போட்டு, மட்டையை உரித்து, பாதி தின்றுவிட்டு அடுத்த கதிருக்குப் போயிருந்தால், ரக்கூன் என்ற இரவுப் பிராணி இருக்கும் நாடுகளில் அது ரக்கூன். செடியின் அடித்தண்டைக் கொறித்து விழ வைத்திருந்தால் முள்ளம்பன்றியாக இருக்கலாம். பத்துப் பதினைந்து செடி ஒரே இடத்தில் மிதிபட்டு மண்ணும் கிளறப்பட்டிருந்தால் காட்டுப்பன்றி. செடி நேராக நிற்க, கதிர் நுனியில் மட்டும் மட்டை கீற்றுக் கீற்றாகக் கிழிந்து, மணிகள் கொத்தப்பட்டு உள்ளே பால் வழிந்திருந்தால் பறவை. மணியின் ஓரத்தில் சன்னமான பல் தடம் தெரிந்து, பெரும்பாலும் இரவில் நடந்திருந்தால் எலி. பகலில் கதிரோடு பிடுங்கிக்கொண்டு போய், ரெண்டு கடி கடித்து வீசியிருந்தால் குரங்கு.

இதற்கு ஏன் இவ்வளவு நேரம் செலவழிக்கச் சொல்கிறேன் என்றால், ஒன்றுக்கான தடுப்பு இன்னொன்றுக்கு உதவாது. மானைத் தடுக்கும் உயரமான வேலியை அணில் வழியாகவே பயன்படுத்தும். பறவை வலையை எலி ஒரே ராத்திரியில் அறுத்துவிடும்.

இடமும் எண்ணிக்கையும்

ஒரு நாளைக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம் நேரடி வெயில் வேண்டும், இதில் சமரசம் செய்தால் கதிர் சின்னதாகத்தான் வரும். மரக்கிளை, மதில், கொட்டகைக் கூரை, துணி காயப்போடும் கம்பி இவற்றில் இருந்து மூன்று மீட்டராவது தள்ளி இருக்கட்டும், அணில் தாவிக் குதிக்கும் தூரத்துக்கு வெளியே. பாத்தியைச் சுற்றி ஒரு மீட்டர் அகலத்துக்குப் புல் பூண்டு இல்லாமல் சுத்தமாக வைத்தால் எலிக்கும் முயலுக்கும் ஒளிந்து வர வழி இருக்காது. பறவைகளுக்குத் தீனி வைக்கும் பழக்கம் உங்களுக்கு இருந்தால், கதிர் பிடிக்கும் மாதத்தில் அதைத் தோட்டத்தின் மறு கோடிக்கு மாற்றிவிடுங்கள்.

ஒற்றை வரிசையாக வேலி ஓரத்தில் நடாதீர்கள். மக்காச்சோளம் காற்றில் மகரந்தம் பரவும் செடி, ஒரே வரிசையில் நட்டால் மகரந்தம் பாதி வீணாக வெளியே போய்விடும், பொக்கை விழுந்த கதிர்தான் கிடைக்கும். நான்குக்கு நான்கு என்று குறைந்தது பதினாறு செடி, சதுரமாக. ஐந்துக்கு ஐந்து என்றால் இன்னும் நல்லது. 30 சென்டிமீட்டர் இடைவெளியில் 25 செடிக்கு ஒன்றரை மீட்டர் சதுரம் போதும். சதுரமாக இருந்தால் கூண்டு போடுவதும் வலை கட்டுவதும் சுலபம், நீளமான வரிசைக்கு ஆகும் வலையில் பாதிதான் ஆகும்.

ரகம்

விதைப் பாக்கெட்டில் மூன்று வகை பார்ப்பீர்கள். சாதாரண இனிப்பு, கூடுதல் இனிப்பு, சூப்பர் ஸ்வீட். இந்த சூப்பர் ஸ்வீட் வகைக்குக் காரணமான மரபணுவின் பயனை 1950களில் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஜான் லாஃப்னன் என்பவர் கவனித்தார். காய்ந்த விதை சுருங்கிச் சப்பையாக இருக்கும், அதைச் சுவைத்துப் பார்த்தவருக்கு அசாதாரண இனிப்பாகத் தெரிந்தது என்பார்கள். இன்றைக்கும் அந்த விதை சுருங்கித்தான் இருக்கும், கெட்டுப்போன விதை என்று நினைத்துவிடாதீர்கள். ஆனால் உள்ளே மாவுச்சத்து குறைவு என்பதால் முளைக்கும் தெம்பும் குறைவு, குளிர்ந்த மண்ணில் போட்டால் அழுகிவிடும்.

அதைவிட முக்கியமான விஷயம், சூப்பர் ஸ்வீட் ரகத்துக்குப் பக்கத்தில் சாதாரண மக்காச்சோளமோ பாப்கார்ன் சோளமோ வேறு வகை இனிப்புச் சோளமோ அதே நேரத்தில் பூத்தால், அந்த மகரந்தம் விழுந்த மணிகள் அதே கதிரிலேயே மாவாக, இனிப்பில்லாமல் போய்விடும். அடுத்த தலைமுறை விதையில் இல்லை, நீங்கள் சாப்பிடப் போகும் மணியிலேயே. நாம் சாப்பிடும் பகுதிக்குத் தாயிடம் இருந்தும் தகப்பனிடம் இருந்தும் குணம் வருவதுதான் காரணம். பக்கத்தில் அப்படி யாராவது போட்டிருந்தால் பூக்கும் காலம் இரண்டு வாரமாவது விலகும்படி விதையுங்கள். வீட்டுத் தோட்டத்துக்கு ஒரே ஒரு ரகம் என்பது என் கட்சி.

கூண்டு போட வேண்டிய நிலைமை என்றால் ஒன்றரை மீட்டருக்குள் நிற்கும் குட்டை ரகமாகப் பாருங்கள். இரண்டரை மீட்டர் செடிக்குக் கூண்டு கட்டுவது வீடு கட்டுவது மாதிரி.

விதைப்பும் முதல் காவலும்

மண்ணில் சதுர மீட்டருக்கு நான்கு ஐந்து கிலோ நன்றாக மட்கிய உரம் கலந்து கிளறிவிடுங்கள். மண்ணின் வெப்பம் சாதாரண ரகத்துக்கு 15 டிகிரி செல்சியஸுக்கு மேல், சூப்பர் ஸ்வீட்டுக்கு 18 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும். ஆழம் 2.5 முதல் 4 சென்டிமீட்டர், சூப்பர் ஸ்வீட் என்றால் 2.5க்கு மேல் வேண்டாம். குழிக்கு இரண்டு விதை போட்டு, முளைத்து ஒரு சாண் வளர்ந்ததும் நோஞ்சானைக் கத்தரியால் வெட்டிவிடுங்கள். பிடுங்கினால் பக்கத்துச் செடியின் வேரும் ஆடும்.

முதல் திருட்டு இங்கேதான் நடக்கும். காகம், மைனா, புறா, அணில், எலி எல்லாவற்றுக்கும் மண்ணுக்குள் இருக்கும் விதை தெரியும். முளை வெளியே தலை காட்டியதும் பறவை அதைப் பிடித்து இழுத்து, அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் விதையைத் தின்றுவிட்டு முளையை அப்படியே போட்டுவிட்டுப் போகும். காலையில் பாத்தியில் பச்சை ஊசி மாதிரி முளைகள் வாடிக் கிடந்தால் இதுதான் நடந்திருக்கிறது. விதைத்த அன்றே பாத்தி மேல் கம்பி வலையைப் பரப்பி, நான்கு ஓரத்தையும் செங்கல் வைத்து அழுத்திவிடுங்கள். எலி இருந்தால் 6 மில்லிமீட்டர் கண் உள்ள வலை, இல்லையென்றால் 12 மில்லிமீட்டர் போதும். முளை வலையைத் தொடும் சமயத்தில், வளைத்த குழாய் மேல் வலையை உயர்த்திவிடலாம். செடி ஒரு சாண் உயரம் தாண்டினால் விதைக்காகப் பிடுங்கும் ஆபத்து முடிந்துவிடும்.

இன்னொரு வழி, காகிதக் கப்பில் விதை போட்டு, பத்துப் பன்னிரண்டு நாள் உள்ளே பாதுகாப்பாக வளர்த்து, இரண்டு மூன்று இலை வந்ததும் கப்போடு நடுவது. மக்காச்சோள வேருக்குத் தொந்தரவு பிடிக்காது, அதனால் கப்பின் அடியை மட்டும் கிழித்து, மண் கட்டி உடையாமல் இறக்க வேண்டும். மேல் விளிம்பு மண்ணுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் ஈரத்தை உறிஞ்சி வெளியே விட்டுவிடும், அதையும் கிழித்துவிடுங்கள். எலி அதிகம் உள்ள இடத்தில் நான் இதைத்தான் செய்கிறேன்.

உரம், தண்ணீர்

மக்காச்சோளம் தழைச்சத்தை, அதாவது நைட்ரஜனை, ஏராளமாகச் சாப்பிடும். செடி முழங்கால் உயரம் வந்ததும் ஒரு மேலுரம், உச்சியில் ஆண் பூ எட்டிப் பார்க்கும்போது இன்னொன்று. யூரியா போடுபவர்கள் ஒவ்வொரு தடவையும் சதுர மீட்டருக்கு 10 கிராம் அளவில், தண்டில் படாமல் ஒரு சாண் தள்ளித் தூவி, உடனே தண்ணீர் விடுங்கள். இயற்கை உரம் மட்டும் என்றால் மண்புழு உரமோ பிண்ணாக்குக் கரைசலோ, ஆனால் ஒரு வாரம் முன்னதாகவே, ஏனென்றால் அது மெதுவாகத்தான் கிடைக்கும். கீழ் இலையில் நுனியில் இருந்து நடு நரம்பு வழியாக ஆங்கில வி எழுத்து மாதிரி மஞ்சள் ஏறினால் தழைச்சத்துக் குறைவு. இலை ஓரம் மட்டும் காய்ந்தால் சாம்பல் சத்து (பொட்டாசியம்) குறைவு. இளம் செடி ஊதா நிறம் காட்டினால் பெரும்பாலும் மண் குளிர்ச்சி அல்லது மணிச்சத்து (பாஸ்பரஸ்) குறைவு.

வாரத்துக்குச் சதுர மீட்டருக்கு 25 முதல் 40 லிட்டர் தண்ணீர் போக வேண்டும். கடும் வெயிலில் மதியம் இலை சுருளுவது சகஜம், காலையிலேயே சுருண்டிருந்தால் செடி தவிக்கிறது என்று அர்த்தம். இளங்கதிரின் நுனியில் பட்டு நூல் வெளிவரும் நாளில் இருந்து மணி பால் பிடிக்கும் வரை ஒரு நாள் கூடக் காய விடாதீர்கள்.

மேலுரம் போடும்போதே தண்டைச் சுற்றி ஒரு சாண் உயரத்துக்கு மண் அணையுங்கள். தண்டின் கீழ்க் கணுவில் இருந்து விரல் மாதிரி நீளும் வேர்கள் அந்த மண்ணைப் பிடித்துக்கொள்ளும், காற்றில் சாயாது. இளம் செடி சாய்ந்தால் பதறாதீர்கள், ரெண்டு மூன்று நாளில் தானாக நிமிரும். பக்கத்தில் வரும் கிளைத் தளிர்களைக் கிள்ள வேண்டியதில்லை, கிள்ளுவதால் கதிர் பெரிதாகாது.

மகரந்தம்: இதை மட்டும் கவனமாகப் படியுங்கள்

உச்சியில் இருப்பது ஆண் பூ. இலைக் கக்கத்தில் வரும் இளங்கதிர்தான் பெண் பூ, அதன் நுனியில் தொங்கும் பட்டு நூல்கள் ஒவ்வொன்றும் உள்ளே ஒரே ஒரு மணியோடு இணைந்தவை. ஐநூறு மணி வேண்டும் என்றால் ஐநூறு நூலிலும் தனித்தனியாக மகரந்தம் விழ வேண்டும். எந்த நூல் தவறியதோ அந்த இடத்தில் பொக்கை. கதிரில் மணி வரிசைகளை எண்ணிப் பாருங்கள், பதினான்கு, பதினாறு என்று இரட்டைப் படையில்தான் இருக்கும், ஏனென்றால் பூக்கள் ஜோடி ஜோடியாக உருவாகின்றன.

கதிரின் அடிப்பக்க நூல்தான் முதலில் வெளிவரும், நுனி நூல் கடைசியில். அதனால்தான் நுனி மட்டும் பொக்கையான கதிர் இவ்வளவு சகஜம், கடைசி நூல் வரும்போது மகரந்தம் தீர்ந்திருக்கும், அல்லது வெயில் 35 டிகிரியைத் தாண்டி மகரந்தம் செத்திருக்கும். சின்னப் பாத்திக்கு நாமே உதவி செய்யலாம். காலையில் பனி காய்ந்ததும், எட்டில் இருந்து பத்து மணிக்குள், ஆண் பூவைக் காகிதப் பைக்குள் விட்டு மெல்லத் தட்டுங்கள். மஞ்சள் தூள் இறங்கும், அதை உடனே, ஆற அமர இல்லாமல், எல்லாக் கதிரின் நூலிலும் தூவுங்கள். தொடர்ந்து நான்கு ஐந்து நாள். நூல் லேசாகப் பிசுபிசுப்பாக இருக்கும், தூள் ஒட்டிக்கொள்வது கண்ணுக்கே தெரியும்.

சரியாக விழுந்ததா என்று தெரிய ஒரு சோதனை உண்டு. நூல் வந்து பத்து நாள் கழித்து ஒரே ஒரு கதிரைத் தியாகம் செய்து, மட்டையைச் சுற்றிவரக் கீறி, நூல் அறுந்துவிடாமல் மெதுவாக உரியுங்கள். அப்புறம் கதிரைத் தலைகீழாகப் பிடித்து ஒரு உலுக்கு உலுக்குங்கள். கருவுற்ற மணியின் நூல் கழன்று கீழே விழும், கருவுறாதது ஒட்டிக்கொண்டே இருக்கும். எங்கே ஒட்டியிருக்கிறதோ அங்கே மணி வராது. முதல் தடவை நான் இதைச் செய்தபோது நூல் எல்லாம் மொத்தமாக உதிர்ந்து, நுனியில் மட்டும் ஒரு சின்னக் குடுமி நின்றது, அறுவடையில் பொக்கையும் அதே அளவுதான் இருந்தது.

இந்தக் கட்டத்தின் இரண்டு விதிகள். ஒன்று, முதல் நூல் தெரிந்த தேதியை எழுதி வையுங்கள், பின்னால் வரும் காவல், அறுவடை எல்லாம் இந்தத் தேதியில் இருந்துதான் கணக்கு. இரண்டு, நூல் பச்சையாகவோ வெளிறியோ ஈரமாக இருக்கும்வரை கதிரைப் பை போட்டு மூடாதீர்கள். பறவைக்குப் பயந்து முன்கூட்டியே மூடிவிட்டு, ஒரு மணி கூடப் பிடிக்காத வெறும் சக்கையைப் பறித்தவர்கள் நிறையப் பேர்.

புழு பற்றிச் சுருக்கமாக: குருத்து இலையில் கண்ணாடி போலச் சுரண்டிய தடமும், குருத்துக்குள் ஈர மரத்தூள் மாதிரி எச்சமும் இருந்தால் படைப்புழு. அதிகாலையில் குருத்தை விரித்துப் பார்த்துக் கையால் எடுத்து நசுக்குங்கள், சின்னப் புழு நிறைய இருந்தால் பேசிலஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற, புழுவைக் கொல்லும் பாக்டீரியா மருந்தைச் சாயங்காலம் குருத்துக்குள் இறங்கும்படி தெளிக்கலாம். கதிர் நுனியில் இறங்கும் காய்ப்புழுவுக்கு, நூல் வந்து ஐந்தாறு நாள் ஆனதும் நுனியில் அரை ஸ்பூன் சமையல் எண்ணெய். புழு தின்ற நுனியை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தைத் தாராளமாகச் சாப்பிடலாம்.

கதிர்க் காவல்

நூல் வந்து பதினாறு முதல் இருபத்திநான்கு நாளில் கதிர் தயாராகும், வெயில் அதிகம் என்றால் சீக்கிரம், குளிர்ச்சி என்றால் தாமதம். பத்தாம் நாள் உங்கள் தடுப்பு முழுதாக நிற்க வேண்டும். பதினைந்தாம் நாள் வாங்கப் போனால் நேரம் தவறிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். மணியில் பால் ஏறும் வாசனை நமக்குத் தெரியாது, அவற்றுக்குத் தெரியும்.

அணிலுக்கும் எலிக்கும்: பிளாஸ்டிக் வலை, துணிப் பை, மெல்லிய ஜரிகைப் பை எதுவும் நிற்காது, கடித்துவிடும். இரும்புக் கம்பி வலை ஒன்றுதான் வழி. சதுரப் பாத்திக்கு மரச்சட்டமோ குழாயோ வைத்து, நான்கு பக்கமும் மேலேயும் 12 மில்லிமீட்டர் வலை அடித்து, ஒரு கதவு வைத்துவிட்டால் பல வருஷத்துக்குக் கவலை இல்லை. எலி உண்டென்றால் கீழ் அரை மீட்டருக்கு மட்டும் 6 மில்லிமீட்டர் வலையை இரண்டாவது அடுக்காகச் சேர்த்து, அதை 30 சென்டிமீட்டர் மண்ணுக்குள் இறக்குங்கள். இந்தக் கண் அளவில் காற்றும் மகரந்தமும் தாராளமாக நுழையும், ஆனாலும் கையால் மகரந்தம் தூவுவதை விடாதீர்கள்.

கூண்டுக்கு வசதி இல்லாதவர்களுக்கு நான் செய்து பார்த்துப் பலன் கண்டது இது. 6 மில்லிமீட்டர் கம்பி வலையை 30க்கு 35 சென்டிமீட்டர் துண்டாக வெட்டி, ஒரு பாட்டிலைச் சுற்றி உருட்டிக் குழாயாக்கி, ஓரத்தை மெல்லிய கம்பியால் தையுங்கள். மேல் வாயை மடித்து மூடிவிடுங்கள். நூல் பழுப்பாகிக் காய்ந்ததும் கதிர் மேல் கவிழ்த்து, அடிப்பக்கம் காம்பைச் சுற்றிக் கம்பியால் இறுக்கிக் கட்டுங்கள். கதிர் பருக்க இடம் வேண்டும், அதனால் இறுக்கமாக உருட்டாதீர்கள். ஒரு குழாய்க்கு ஐந்து நிமிஷம் ஆகும், இருபத்தைந்து செடிக்கு ஒரு சாயங்காலம் போதும், அடுத்த வருஷத்துக்கும் அதுவே. வெட்டிய முனை கையைக் கிழிக்கும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

பறவைகளுக்கு: காகிதப் பையே போதும். நூல் பழுப்பான பிறகு மாட்டி, அடியில் ரப்பர் பேண்ட் போடுங்கள், மழை வந்தால் மாற்றுங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம், உள்ளே வியர்த்துப் பூசணம் பிடிக்கும். பளபளக்கும் டேப், பழைய சிடி, பொம்மை எல்லாம் சில நாளைக்குத்தான். முழுப் பருவமும் ஒரே இடத்தில் நிற்கும் பொம்மை மேல் காகம் உட்கார்ந்து இளைப்பாறும். இவற்றைக் கடைசிப் பத்து நாளில் மட்டும் வைத்து, இரண்டு நாளுக்கு ஒரு முறை இடம் மாற்றுங்கள். மிளகாய்த்தூள் தூவுவது பறவைக்கு வீண், மிளகாயின் காரம் பறவைக்கு உறைப்பதே இல்லை.

வலை கட்டும்போது ஒரு விஷயத்தைக் கெஞ்சியே கேட்கிறேன். தொளதொளவென்று தொங்கும் நைலான் வலையைச் செடி மேல் போடாதீர்கள். அப்படி ஒரு வருஷம் நான் போட்டேன். ஒரு காலையில் அதன் ஓரத்தில் ஒரு சாரைப்பாம்பு கழுத்துப் பக்கம் நான்கு இழை இறுகி, செதிலுக்குள் நைலான் பதிந்து, கிட்டத்தட்ட மூச்சே இல்லாமல் கிடந்தது. கத்தரியால் ஒவ்வொரு இழையாக அறுத்து விடுவித்தேன், ஆனாலும் அது பிழைக்கவில்லை. எலியைப் பிடித்துத் தின்று எனக்கு உதவியாக இருந்த பாம்பு அது. அதற்கப்புறம் சுண்டுவிரல் நுழையாத சின்னக் கண் வலை மட்டும்தான், அதையும் சட்டத்தில் விறைப்பாக இழுத்து, ஓரங்கள் தரையில் குவியாமல் கட்டி, தினம் காலையில் ஒரு சுற்றுப் பார்த்துவிடுகிறேன்.

முயலுக்கு 2.5 சென்டிமீட்டர் கண் வலை, 90 சென்டிமீட்டர் உயரம், அடியில் ஒரு முழம் வெளிப்பக்கமாக மடித்து மண் போட்டு மூடினால் தோண்ட முடியாது. மானுக்கு 2.4 மீட்டர் உயரம் வேண்டும். அவ்வளவு உயரம் முடியாதவர்கள் ஒன்றரை மீட்டர் வேலிகளை ஒரு மீட்டர் இடைவெளியில் இரண்டாகப் போடலாம், உயரமும் அகலமும் சேர்ந்தால் மான் தாவத் தயங்கும்.

ரக்கூன், காட்டுப்பன்றி போன்ற பெரிய இரவு விருந்தாளிகளுக்கு மின் வேலிதான் நம்பகமானது. ரக்கூனுக்குத் தரையில் இருந்து 15 மற்றும் 30 சென்டிமீட்டர் உயரத்தில் இரண்டு கம்பி, பன்றிக்கு 20 மற்றும் 45. கம்பியில் புல் தொட்டால் மின்சாரம் மண்ணில் இறங்கிவிடும், அதனால் கீழே வெட்டிச் சுத்தமாக வைக்க வேண்டும். கதிர் முற்றுவதற்கு இரண்டு வாரம் முன்பே போட்டுவிட்டால், சுற்றிப் பார்க்க வரும்போதே மூக்கில் அடி வாங்கிக்கொண்டு திரும்பிப் போகும். ஆனால் இது வேலிக்கென்றே தயாரித்த துடிப்புக் கருவியோடு மட்டும். அந்தக் கருவி சுமார் நொடிக்கு ஒரு முறை, கண் இமைக்கும் நேரத்துக்கும் குறைவாக, அளவு கட்டுப்படுத்தப்பட்ட அதிர்வைத்தான் அனுப்பும். வீட்டு மின்சாரத்தை நேரடியாகக் கம்பியில் கொடுக்கவே கொடுக்காதீர்கள். அதில் மனிதர்கள் சாகிறார்கள், பக்கத்து வீட்டுக் குழந்தை பந்தை எடுக்க வந்து தொட்டால் போதும். ஒரு கதிருக்காக ஒரு உயிர் போகக்கூடாது. கருவியோடு வேலி போட்டாலும் எச்சரிக்கைப் பலகை வையுங்கள், உங்கள் ஊர்ச் சட்டம் அனுமதிக்கிறதா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

குரங்குக்கு மேல் மூடிய, உறுதியான கூண்டைத் தவிர வேறு எதையும் நான் நம்புவதில்லை. அது இல்லை என்றால் ஸ்வீட் கார்னுக்குப் பதில் வேறு பயிர் போடுவது நல்லது.

அசைவைக் கண்டதும் தண்ணீர் அடிக்கும் கருவி, ராத்திரி ரேடியோ, நாய் முடி, பூசணிக்கொடியைச் சுற்றிப் படர விடுவது என்று பல யோசனைகள் கேள்விப்படுவீர்கள். தண்ணீர்க் கருவி முயலுக்கும் மானுக்கும் ஓரளவு கேட்கும். மற்றவை கூடுதல் துணை, அவற்றை மட்டும் நம்பி இருக்காதீர்கள். அந்துருண்டையை மண்ணில் போடவே போடாதீர்கள், அது விஷம், நாம் சாப்பிடும் பயிர் பக்கத்தில் அதற்கு வேலை இல்லை. எலி மருந்தும் அப்படித்தான், மருந்து தின்ற எலியை ஆந்தையோ பூனையோ தின்றால் அதுவும் சாகும். ஆந்தை போனால் அடுத்த வருஷம் எலி இரட்டிப்பாகும்.

அறுவடை

தேதிக் கணக்கில் பதினாறாம் நாளில் இருந்து தினமும் பாருங்கள். நூல் முழுக்கக் காய்ந்து பழுப்பாகி, மட்டை மட்டும் இன்னும் பச்சையாக இருக்க வேண்டும். மட்டைக்கு வெளியே நுனியைப் பெருவிரலால் அழுத்தினால் கூர்மையாக இல்லாமல் மொழுக்கென்று உருண்டையாகத் தெரியும். சந்தேகம் என்றால் மேலே இரண்டு விரல் அகலம் மட்டையைப் பிரித்து ஒரு மணியை நகத்தால் குத்துங்கள். தண்ணீர் மாதிரி தெளிவாக வந்தால் இன்னும் ரெண்டு மூன்று நாள், பால் மாதிரி வந்தால் இன்றே, மாவு மாதிரி பிசைந்து வந்தால் தாமதம். சூப்பர் ஸ்வீட் ரகத்தில் பால் கொஞ்சம் நீர்த்தே இருக்கும், அங்கே மணியின் பருமனைப் பாருங்கள். குத்திப் பார்த்த கதிரை அன்றைக்கே பறித்துவிடுங்கள், திறந்த மட்டை எறும்புக்கும் பறவைக்கும் அழைப்பு.

அதிகாலையில், கதிரைக் கீழ்நோக்கி அழுத்தி ஒரு திருகு. சாதாரண இனிப்பு ரகத்தில் பறித்த நிமிஷத்தில் இருந்தே சர்க்கரை மாவாக மாறத் தொடங்கும், 30 டிகிரி சூட்டில் ஒரே நாளில் பாதிக்கு மேல் இனிப்பு போய்விடும். அடுப்பில் தண்ணீர் வைத்துவிட்டுப் பறிக்கப் போகச் சொல்வது இதனால்தான். உடனே சமைக்காவிட்டால் மட்டையோடு குளிர்பெட்டியில் வையுங்கள். சூப்பர் ஸ்வீட் இந்த விஷயத்தில் பொறுமைசாலி, சில நாள் தாங்கும்.

ஒரு செடியில் முதல் கதிர் மேலே, இரண்டாவது கீழே நாலைந்து நாள் கழித்துத் தயாராகும், பெரும்பாலும் சின்னதாக. அதற்காகக் காவலை எடுக்காமல் வைத்திருக்கலாம், ஆனால் பிராணிகள் ஏற்கெனவே முட்டி மோதிக்கொண்டிருந்தால் நான் இரண்டாம் கதிரைப் பேபி கார்னாகவே முன்னாலேயே பறித்துவிடுவேன்.

கடைசிக் கதிர் பறித்த அன்றே தட்டைகளை வெட்டி, துண்டு போட்டு மக்கு உரக் குவியலில் சேருங்கள். கீழே விழுந்த மணி, பாதி தின்ற கதிர், புழு விழுந்த நுனி எதையும் பாத்தியில் விடாதீர்கள், எலி அங்கேயே வளை தோண்டி அடுத்த விதைப்புக்குக் காத்திருக்கும். கம்பிக் குழாய்களைக் கழுவிக் காய வைத்து எண்ணிக் கட்டி வையுங்கள், முதல் நூல் தெரிந்த தேதியையும் எந்தப் பிராணி எந்த நாள் வந்தது என்பதையும் ஒரு சீட்டில் எழுதி அந்தக் கட்டுக்குள்ளேயே செருகிவிடுங்கள். அடுத்த முறை விதை எடுக்கும்போது முதலில் கையில் வருவது அந்தச் சீட்டாக இருக்கட்டும்.